வேடந்தாங்கல் பெயர்: எது உறுதி, எது ஊகம்?

மகளின் பள்ளித் திட்டப்பணிக்காக வேடந்தாங்கலைப் பற்றித் தேடியபோது, எல்லா இடத்திலும் "வேடர்கள் தங்கிய ஊர்" என்ற ஒரே விளக்கம்தான் கிடைத்தது, இதற்குச் சான்று ஏதேனும் உண்டா, அல்லது ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியதா என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. பெயரின் பொருள் என்ன என்பது ஒன்று. அந்தப் பொருளை எந்த அடிப்படையில் நம்புவது என்பது மற்றொன்று. இரண்டாவதைக் கேட்பவர்கள் குறைவு. கேட்டதற்கு முதலில் நன்றி.

நான் கல்வெட்டியல் பயின்றவன். பல ஆண்டுகளாகத் தொண்டை மண்டலத்துக் கோயில் கல்வெட்டுகளையும் பழைய நிலக் கணக்குகளையும் படித்து வருகிறேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: இந்தப் பெயரின் பின்பாதியை ஏறத்தாழ ஐயமில்லாமல் விளக்க முடியும். முன்பாதிக்கு இரண்டு மூன்று வாய்ப்புகள் இருக்கின்றன. இணையத்தில் உலவும் விளக்கம், உறுதியான பின்பாதியைத் தவறாகப் படித்துவிட்டு, உறுதியில்லாத முன்பாதியை உறுதியாகச் சொல்கிறது.

பின்பாதியை முதலில் எடுத்துக்கொள்வோம். ஊரின் பெயர் வேடந்தங்கல் அல்ல, வேடந்தாங்கல். தங்குவது வேறு, தாங்குவது வேறு. "தங்கிய இடம்" என்று பொருள் கொள்ள வேண்டுமானால் நெடிலைக் குறிலாக்க வேண்டும். அப்படிச் செய்ய நமக்கு உரிமை இல்லை, ஏனென்றால் தாங்கல் என்பது இந்த வட்டாரத்தில் இன்றும் உயிரோடு இருக்கும் சொல். செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர்ப் பக்கம் ஒரு சிற்றூரின் நீர்நிலைகளைக் கேட்டால் ஏரி, தாங்கல், குட்டை என்று பிரித்துச் சொல்வார்கள். பெரிய நீர்ப்பரப்பு ஏரி. மேலே உள்ள ஏரி நிரம்பிக் கோடி போகும்போது (மிகைநீர் வெளியேறும்போது) வழியும் நீரையோ, சரிவில் ஓடிவரும் மழைநீரையோ ஒரு சிறு கரை போட்டுத் தாங்கி நிறுத்துவது தாங்கல். எல்லை அவ்வளவு கறாரானது அல்ல. ஓர் ஊரில் தாங்கல் எனப்படுவது அடுத்த ஊரின் ஏரியைவிடப் பெரியதாகவும் இருக்கலாம். ஆனால் அது நீர்நிலையைக் குறிக்கும் சொல் என்பதில் இந்தப் பகுதி விவசாயிகள் யாருக்கும் குழப்பம் கிடையாது.

ஊர்ப்பெயர்களும் இதையே சொல்கின்றன. சென்னையை ஒட்டிய பழவந்தாங்கலும் ஐயப்பன்தாங்கலும் நீங்கள் அறிந்தவைதான். திருவொற்றியூர்ப் பக்கம் தாங்கல் என்ற பெயரிலேயே ஒரு பகுதி இருக்கிறது. இவற்றுக்கெல்லாம் யாரோ வந்து தங்கினார்கள் என்று கதை சொல்ல ஆரம்பித்தால் தொண்டை மண்டலமே ஒரு பெரிய சத்திரமாகிவிடும். தென்மாவட்டங்களில் இதற்கு இணையாக ஏந்தல் என்ற சொல் இருக்கிறது. பரமக்குடிப் பக்கம் உள்ள அரியனேந்தலைப் போல இராமநாதபுரம், சிவகங்கைச் சீமைகளில் ஏந்தல் என்று முடியும் ஊர்கள் ஏராளம். வடக்கே நீரைத் தாங்கினார்கள், தெற்கே ஏந்தினார்கள். இரண்டுமே சுமப்பதைக் குறிக்கும் வினைகளிலிருந்து பிறந்த குளப்பெயர்கள். இந்த ஒப்புமை எனக்கு மிகவும் பிடித்தமானது. நானூறு கிலோமீட்டர் தள்ளித் தள்ளி வாழ்ந்த மக்கள், கரை போட்டு மழையை நிறுத்தும் வேலையை ஒரே விதமாக எண்ணிப் பார்த்திருக்கிறார்கள்.

இந்தச் சொல் ஏன் இங்கே இவ்வளவு செழித்தது என்பதற்கு நிலத்தைப் பார்க்க வேண்டும். கிழக்கே கடலை நோக்கி மெல்லச் சரியும் பூமி இது. பாலாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகத்தான் கிடக்கும். மழையின் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்றில் கொட்டித் தீர்த்துவிடும். அதைப் பிடித்து வைக்காவிட்டால் வேளாண்மை இல்லை. ஆகவே ஒன்றின் மிகைநீர் அடுத்ததில் விழும்படி ஏரிகளைச் சங்கிலியாக அமைத்தார்கள். ஊர் உண்டானதே நீர்நிலையைச் சுற்றித்தான் என்னும்போது நீர்நிலையின் பெயர் ஊருக்கு ஏறுவது இயல்பு. வேடந்தாங்கலில் சுமார் 30 ஹெக்டேர் பரப்புள்ள அந்த ஏரிதான் மூலம். ஊர் அதன் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இனி முன்பாதி. வேடன் + தாங்கல் என்பது வேடந்தாங்கல் ஆனது என்பதை ஏற்கலாம். பழவந்தாங்கலிலும் இதே போன்ற ஒலி மாற்றம்தான். பேச்சில் னகரமும் தகரமும் சேரும்போது இப்படி ஆவது இயற்கை. வேறு பிரிப்புகளும் சொல்கிறார்கள். வேடை என்றால் வெப்பம், வறட்சி என்று பொருள் உண்டு, ஆகவே கோடையிலும் நீர் தாங்கும் ஏரி என்று அழகாக ஒரு விளக்கம் கட்டலாம். ஆனால் வேடையும் தாங்கலும் சேர்ந்தால் இடையில் ஒரு தகர ஒற்று வந்து வேடைத்தாங்கல் ஆகியிருக்க வேண்டும். நகர ஒற்று எங்கிருந்து வந்தது என்பதற்கு விடை இல்லை. கேட்க இனிமையாக இருப்பது ஒரு பிரிப்பை ஏற்பதற்குக் காரணம் ஆகாது.

சரி, அந்த வேடன் யார்? இங்கேதான் உறுதி முடிந்து ஊகம் தொடங்குகிறது. எனக்கு வலுவாகத் தோன்றுவது, அது ஓர் ஆளின் பெயராக இருக்கலாம் என்பது. நீர்நிலைக்கு அதை வெட்டியவர் பெயரையோ வெட்டக் காரணமானவர் பெயரையோ இடுவது இந்த மண்ணின் பழைய வழக்கம். மகேந்திரவாடியில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் பெயரால் மகேந்திர தடாகம் இருந்தது. பல்லவர் காலத்துக் கூரம் செப்பேடு, பரமேசுவரவர்மனின் பெயர் தாங்கிய பரமேசுவர தடாகத்தைப் பேசுகிறது. வேடந்தாங்கலிலிருந்து அதிகத் தொலைவில்லாத உத்தரமேரூரில் வயிரமேகத் தடாகம். இங்கிருக்கும் வட்டத் தலைநகரான மதுராந்தகத்தின் பெயரே சோழரின் பட்டப்பெயர். அரசன் வெட்டினால் தடாகம் என்று வடமொழியில் பெயர் வைத்தார்கள். ஊரார் வெட்டிய சிறு நீர்நிலைக்குச் சாதாரண மனிதன் ஒருவனின் பெயரோடு தாங்கல் என்ற தமிழ்ச்சொல் போதுமானதாக இருந்தது. பழவன், ஐயப்பன் என்ற வரிசையில் வேடனும் ஒருவனாக நிற்கலாம்.

இரண்டாவது வாய்ப்பு, அது தொழிலையோ குலத்தையோ குறிக்கும் சொல் என்பது. "வேடர்" என்று பன்மையில் இல்லாமல் "வேடன்" என்று ஒருமையில் இருப்பதால் இது தனியாள் பெயர்தான் என்று சிலர் வாதிடுவார்கள். அந்த வாதம் முழுமையாக நிற்காது. கால்டுவெல் நெடுங்காலம் வாழ்ந்து, இறந்தபின் அடக்கம் செய்யப்பட்ட நெல்லைச் சீமையின் இடையன்குடியைப் பாருங்கள். அங்கே ஒருமைச் சொல்தான் ஒரு குடியைச் சுட்டுகிறது. ஒருமையை வைத்துக் குலப்பெயரைத் தள்ளிவிட முடியாது. அதே சமயம், குலப்பெயர் என்று வைத்துக்கொண்டாலும் எந்தக் குலம் என்று உடனே கை நீட்டவும் கூடாது. செங்கல்பட்டுப் பகுதியில் இருளர்கள் வாழ்கிறார்கள், காட்டோடும் வேட்டையோடும் அவர்களுக்கு நீண்ட உறவு உண்டு, ஆகவே வேடன் என்பது இருளரைக் குறிக்கும் என்று உறுதிபோலச் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த மக்களின் வரலாறு மதித்து எழுதப்பட வேண்டியது. ஆனால் ஒரே வட்டாரத்தில் இருக்கிறார்கள் என்பதை மட்டும் வைத்து ஒரு பழம்பெயரை இன்றைய சமூகம் ஒன்றோடு முடிச்சுப் போடுவது அவர்களுக்குச் செய்யும் நன்மை அல்ல.

மூன்றாவது, சுற்றுலாக் குறிப்புகளில் வரும் விளக்கம்: 18ஆம் நூற்றாண்டில் இந்த ஏரி உள்ளூர் நிலக்கிழார்களுக்குப் பிடித்த வேட்டைக்களமாக இருந்தது, அதனால் இந்தப் பெயர் என்பது. இதில் ஒரு நல்ல அம்சம் உண்டு. இது சோதித்துப் பார்க்கக்கூடிய கூற்று. 1700க்கு முந்தைய ஆவணம் ஒன்றில் இந்தப் பெயர் இருந்துவிட்டால் விளக்கம் அந்த இடத்திலேயே விழுந்துவிடும். இன்னொன்று, மண்ணில் உழும் மக்கள் தங்கள் ஏரியை நிலக்கிழாரின் பொழுதுபோக்கை வைத்து அழைத்தார்கள் என்பதை என்னால் எளிதில் ஏற்க முடியவில்லை. வேட்டைக்கு வருகிற பெரிய மனிதனை ஊரார் வேடன் என்று அழைப்பார்களா? ஆண்டை, துரை, ஜமீன் என்றுதானே சொல்வார்கள்.

வேடர் தங்கிய கதை இவ்வளவு ஆழமாக வேரூன்றியதற்கு எனக்குத் தெரிந்து இரண்டு காரணங்கள். முதலாவது, ஊரின் புகழ். நத்தைகுத்தி நாரையும் நீர்க்காகமும் வக்காவும் ஆயிரக்கணக்கில் வந்து, நீருக்குள் நிற்கும் கடப்ப மரங்களில் கூடு கட்டும் இடம் இது. பறவைகளின் எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரம் என்பதை அறிந்து, ஊரார் தலைமுறை தலைமுறையாக அவற்றைக் காத்து வந்திருக்கிறார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊரார் முறையிட்டதையும், கம்பெனி ஜாகீரின் (நவாப் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு மானியமாகக் கொடுத்த செங்கல்பட்டுப் பகுதியின்) கலெக்டர் லயனல் பிளேஸ் 1798ஐ ஒட்டி இவர்களின் உரிமையை ஏற்றுக் கவுல் என்ற உறுதிப் பத்திரம் எழுதிக் கொடுத்ததையும் எல்லாரும் குறிப்பிடுவார்கள். மதுராந்தகத்து ஏரி காத்த ராமர் கதையில் வருபவரும் இதே பிளேஸ்தான். வேடன் பெயர் கொண்ட ஊர் வேட்டையைத் தடுத்தது என்ற முரண் எழுதுபவர்களுக்கு இனிக்கிறது, அதனால் விளக்கமும் நிலைத்துவிட்டது. ஆனால் புகழிலிருந்து பெயரை விளக்கும்போது எப்போதும் எச்சரிக்கை வேண்டும். நமக்கு இன்று முதலில் தெரிவது பறவை. ஊரை அமைத்தவர்களுக்கு முதலில் தேவைப்பட்டது தண்ணீர்.

இரண்டாவது காரணம் ரோமன் எழுத்து என்று நினைக்கிறேன். ஆங்கிலத்தில் எழுதினால் தங்கலும் தாங்கலும் ஒன்றுபோலவே தோன்றும். ஊரின் பெயரை ஆங்கில எழுத்தில் படித்து, அதற்கு ஆங்கிலத்தில் பொருள் எழுதி, அதைத் திரும்பத் தமிழாக்கியபோது நெடில் எங்கேயோ தொலைந்துபோனது. இது என் ஊகம், ஆனால் தமிழெழுத்தில் படிக்கும் எவருக்கும் அந்த நெடில் கண்ணில் படாமல் போகாது. ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டல் சாதாரண விஷயம் அல்ல. 2020இல் தமிழ்நாடு அரசு 1018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்புக்கேற்ப மாற்றி ஆணை வெளியிட்டு, விமர்சனம் எழுந்ததும் சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது உங்களுக்கு நினைவிருக்கலாம்.

பழக்கமான சொல்லாகப் பெயரைத் திரித்துக்கொள்வது புதிதும் அல்ல. சங்கப் பாடல்களில் கோவல் என்றும், கல்வெட்டுகளில் திருக்கோவலூர் என்றும் வரும் ஊரை இன்று திருக்கோவிலூர் என்று எழுதுகிறோம். கோவல் என்பதன் பொருள் மறந்ததும், அங்கே பெரிய கோயில் இருப்பதும் சேர்ந்து பெயரையே மாற்றிவிட்டன. மறைக்காடு என்று தேவாரம் பாடும் ஊர் வடமொழியில் வேதாரண்யம் ஆனது. அதன் முதற்பெயர் மரை என்ற மானினத்தால் அமைந்த மரைக்காடு என்பாரும் உண்டு. அது அறிவுக்குப் பொருத்தமாக இருந்தாலும் இன்னும் கருத்து நிலையில்தான் இருக்கிறது. பெயரறிந்த பெரிய தலங்களுக்கே இந்த நிலை என்றால் ஒரு சிற்றூருக்கு எவ்வளவு கவனம் வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

அப்படியானால் முன்பாதியை எது தீர்மானிக்கும்? காலம் குறிக்கப்பட்ட பழைய எழுத்துச் சான்று. அதைத் தேட மூன்று இடங்கள் உண்டு. முதலாவது சுற்றுவட்டாரக் கோயில்களின் கல்வெட்டுகள். பலரும் தானம் கொடுத்தவர் யார் என்பதைப் பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். ஊர்ப்பெயர் தேடுபவர்கள் படிக்க வேண்டியது நில எல்லை சொல்லும் பகுதி. "கீழ்பாற்கெல்லை" இன்னதற்கு மேற்கு, "தென்பாற்கெல்லை" இன்னதற்கு வடக்கு என்று நான்கு திசைக்கும் அடையாளம் சொல்லும்போது சின்னச் சின்ன ஓடை, குட்டை, தாங்கல்களின் பெயர்கள் அப்படியே வந்து விழும். உத்தரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் ஏரியைப் பார்த்துக்கொள்ள ஏரி வாரியம் என்ற தனிக்குழு இருந்ததைச் சொல்கின்றன. நீரை இவ்வளவு ஒழுங்காக நிர்வகித்தவர்கள் நீர்நிலைகளின் பெயர்களையும் ஒழுங்காகவே எழுதி வைத்தார்கள். படிக்கும்போது ஓர் எச்சரிக்கை: பழைய எழுத்தில் புள்ளி பெரும்பாலும் இடப்படாது, எகர ஏகார வேறுபாடும் இருக்காது. ஆகவே வேடன் என்பது வெடன் என்பதுபோலத் தோன்றலாம். ஆனால் 'தா' என்ற நெடிலுக்குக் கால் (ா) தனியாக உண்டு. எழுத்து சிதையாமல் இருந்தால் தாங்கலைத் தங்கலாகப் படிக்க வழியில்லை.

இரண்டாவது, நிலக் கணக்குகள். பார்னார்டு என்ற பொறியாளர் 1767 முதல் 1774 வரை செங்கல்பட்டு ஜாகீர் முழுவதும் ஊர் ஊராக அளந்து கணக்கெடுத்தார். ஊர்க் கணக்குப்பிள்ளைகளின் ஓலைக் கணக்குகளை அடிப்படையாகக் கொண்ட அந்தப் பதிவுகளில், தென்னிந்தியச் சிற்றூர்கள் பலவற்றின் ஆங்கில ஆட்சிக்கு முந்தைய நிலையைப் பார்க்கலாம். பிளேஸின் கவுலுக்கும் முந்தியவை என்பதால் வேடந்தாங்கலைப் பொறுத்தவரை இவற்றின் மதிப்பு பெரியது. மூன்றாவது எளிதாகக் கிடைப்பது: வருவாய்த் துறையின் அ பதிவேடும் (ஊரின் நிலங்களைப் புல எண் வாரியாகப் பட்டியலிடும் பதிவேடு) அந்தப் புலங்களின் அளவைக் காட்டும் புல வரைபடமும். இவற்றில் ஊரின் ஒவ்வொரு நீர்நிலையும் எந்தப் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். ஏரிக்கு ஒரு பெயரும் ஊருக்கு வேறு பெயரும் இருந்தால் அது ஒரு திறவுகோல்.

ஊரில் பெரியவர்களிடம் கேட்கப் போகிறீர்கள் என்றால் ஒரு யோசனை. "இந்தப் பெயர் எப்படி வந்தது?" என்று மட்டும் கேட்காதீர்கள். கேட்டால் கதைதான் கிடைக்கும். அந்தக் கதையும் இப்போது கைப்பேசியிலிருந்து ஊருக்குத் திரும்பி வந்த கதையாக இருக்கக்கூடும். அதற்குப் பதிலாக, எந்த மதகுக்கு என்ன பெயர், ஏரி கோடி போனால் நீர் எங்கே போய் விழும், எந்த வயலை என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள், பழைய எல்லைக்கல் எங்கே, கிராம தேவதைக்கு என்ன பெயர் என்று கேளுங்கள். விளக்கம் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லாதபோது மக்கள் மிகத் துல்லியமாகச் சொல்வார்கள். வேடன் என்ற பெயரில் ஒரு வயலோ, ஒரு குல தெய்வமோ, ஒரு கரையோ தட்டுப்பட்டால் அது இணையத்தில் உள்ள நூறு பக்கங்களைவிட மதிப்புள்ளது.

திட்டப்பணிக்கு உடனே எழுத வேண்டும் என்பதால் மகள் இப்படி எழுதலாம்: வேடந்தாங்கல் செங்கல்பட்டு மாவட்டம் மதுராந்தகம் வட்டத்தில் உள்ள சிற்றூர். தாங்கல் என்பது தொண்டை மண்டலத்தில் சிறிய ஏரியைக் குறிக்கும் சொல், எனவே இது ஏரியால் பெயர் பெற்ற ஊர். வேடன் என்பது ஓர் ஆளின் பெயராகவோ வேட்டைத் தொழில் செய்த மக்களைக் குறிப்பதாகவோ இருக்கலாம், இரண்டில் எது என்பதை நிறுவப் பழைய ஆவணம் வேண்டும். வேடர்கள் தங்கியதால் பெயர் வந்தது என்று பரவலாகச் சொல்லப்படுவது செவிவழிக் கதை. 2022இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டதையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆசிரியர் "புத்தகத்தில் வேறு மாதிரி இருக்கிறதே" என்று கேட்டால், ஊர்ப்பெயரைத் தமிழில் எழுதி அந்த நெடிலைக் காட்டச் சொல்லுங்கள்.

நேரில் போகும் வாய்ப்புக் கிடைத்து, கிராம நிர்வாக அலுவலகத்தில் அ பதிவேட்டைப் பார்க்க முடிந்தால், அதில் ஏரியின் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதை எழுத்து மாறாமல் இங்கே குறிப்பிடுங்கள். அதை வைத்து மேலே பேசலாம்.